தறியக்காவின் மோர்ஸ் பரீட்சை

வெள்ள நிவாரணப் பயிற்சியில், பள்ளிக்கூடத்துக்கு நாற்பது கட்டுத்துணி வேண்டும் என்று வந்த செய்தியை நாற்பது பட்டுத்துணி என்று எழுதிவைத்தாள் தறியக்கா.

நல்லவேளை, வெள்ளம் நிஜமில்லை. அந்த ஊர் அமெச்சூர் ரேடியோ சங்கத்தார் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இப்படி ஓர் ஆபத்தைக் கற்பனையாக வரவழைத்துக்கொள்வார்கள். தொலைபேசி செத்துப்போனால் கையிலிருக்கும் ரேடியோவை வைத்து எப்படிச் செய்தி கடத்துவது என்று பழகுவதற்காக. ஒருவர் தண்ணீர்த் தொட்டியடியில் நிற்பார், ஒருவர் பஸ் நிலையத்தில், ஒருவர் நூலகத்து மொட்டைமாடியில். சங்க அறையில் உட்கார்ந்து, வருகிற செய்திகளை எழுதுவது அன்றைக்கு அவள் முறை.

பயிற்சி முடிந்து எல்லோரும் திரும்பி வந்ததும் செய்தி எழுதிய தாள்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பட்டுத்துணியைப் படித்ததும் அறையே சிரித்தது. "அடிபட்டவங்களுக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வைக்கப் போறீங்களாக்கா?" என்று ஒருவர் கேட்க, அவளும் சிரித்தாள். மற்றவர்கள் கலைந்த பிறகு செயலாளர் அவளிடம் வந்தார். நில அளவைத் துறையில் வேலை. வார்த்தையையும் சங்கிலி பிடித்து அளந்துதான் பேசுவார்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. போன மாசமும் இரண்டு செய்தி மாறிப்போச்சு. அடுத்த தடவை நீங்க கேக்குற வேலைய விட்டுட்டு, வர்றவங்களுக்கு டீ, உக்கார இடம், இதையெல்லாம் பாத்துக்குங்களேன்."

"டீ போடறதுக்கு நான் வீட்லயே இருந்திருப்பேனே சார்," என்றாள் அவள். "பத்து மாசமா ஒரு சனிக்கிழமை தவறாம வர்றேன். கத்துக்கத்தான் வர்றேன்."

அவர் பதில் ஏதோ சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னதால் அவளுக்குக் கேட்கவில்லை.

அவள் காது அப்படித்தான். இருபத்தாறு வருடம் நெசவாலையில் தறி ஓட்டியவள். நூறு தறி ஒன்றாக ஓடும் கூடத்தில், எதிரில் நிற்பவர் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. அந்த இரைச்சல் அவள் காதில் பாதியைத் தின்றுவிட்டது. சத்தம் கேட்காமல் இல்லை, கேட்கும். ஆனால் வார்த்தையின் முனை மழுங்கி வரும். கட்டு, தட்டு, பட்டு எல்லாமே அவளுக்கு வெறும் "அட்டு". எது என்று முகத்தைப் பார்த்து, பேச்சின் போக்கைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். மருத்துவர் கொடுத்த காதுக்கருவி, மழுங்கலையே பெரிதாக்கிக் காட்டியது. இரண்டு வருடத்துக்கு முன் மேஸ்திரி போட்ட கூச்சல் கேட்காமல், ஓடுகிற தறிக்குள் கையை விடப்போனாள். நூலிழையில் தப்பித்தாள். மறுநாளே அவளைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே நூல்பெட்டிகளின் மேல் ஒட்டிய சீட்டை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. பேச ஆளில்லை.

வீட்டிலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. கணவர் பேக்கரியில் அடுப்பு பார்ப்பவர். இயல்பிலேயே நான்கு வார்த்தைக்கு மேல் பேசாதவர். செவிலியர் படிப்புப் படிக்கும் மகள்தான் வாயாடி. அவள் கல்லூரிக் கதை ஏதாவது சொல்லிச் சிரிப்பாள். "என்ன?" என்பாள் இவள். மகள் திரும்பச் சொல்வாள். மறுபடியும் "என்ன?" என்றால், "ஒண்ணுமில்லம்மா, விடு," என்று எழுந்து போய்விடுவாள். அந்த "ஒண்ணுமில்ல, விடு" மட்டும் அவளுக்கு ஒவ்வொரு தடவையும் சுத்தமாகக் கேட்டது.

சங்கத்துக்கு அவள் வந்தது கேட்பதற்காக அல்ல, கைவேலைக்காக. ஆலை எலக்ட்ரீஷியன்தான் அங்கே சனிக்கிழமை தோறும் சால்டரிங் சொல்லித்தருகிறார்கள் என்றார். அறுந்த பாவு இழையை ஓடுகிற வேகத்தில் முடிச்சுப்போட்ட விரல்கள் அவை. ஈயத்தை உருக்கிக் கம்பியைப் பற்றவைப்பது மூன்றே வாரத்தில் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடானது. நான்காவது மாதம் தானே ஒரு சிறு ரேடியோப்பெட்டி கட்டினாள். ஆன்டெனாவுக்குக் கம்பி அளந்து வெட்டினாள். சங்க அறை மூலையில் ஒரு மரப்பெட்டியில் இருந்த பழுதான கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தாள். பிறகுதான் உரிமத் தேர்வு எழுத வேண்டும், ரேடியோவில் தன்னை அடையாளம் காட்டும் அழைப்புக் குறி ஒன்றைத் தன் பெயரில் வாங்கி, தானே கட்டிய பெட்டியில் தானே பேச வேண்டும் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. அவளை ஓர் எண்ணம் பிடித்தால் அவளும் அதைப் பிடித்துக்கொள்வாள்; இரண்டில் எது எதை விடாது என்று சொல்வது கடினம்.

பட்டுத்துணிக்கு அடுத்த சனிக்கிழமை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சங்க அறைக்குள் நுழைந்தாள். ஓரத்து மேஜையில் மருந்துக்கடைப் பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயது, தறியக்காவின் மகளைவிட ஆறு வயதுதான் மூத்தவள். எழுத்துகளைக் குறுகிய ஒலியும் நீண்ட ஒலியுமாக அனுப்பும் மோர்ஸ், சங்கத்தில் தெரிந்த மூன்று பேரில் ஒருத்தி. மருத்துவர்களின் கையெழுத்தையே படித்துவிட்ட பிறகு மோர்ஸ் எல்லாம் ஒரு பொருட்டா என்று சொல்லிக்கொள்வாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தவள், இவளைப் பார்த்ததும் கழற்றி நீட்டினாள்.

"கேட்டுப் பாருங்கக்கா. கப்பல்ல இருந்து ஒருத்தர் அனுப்புறார்."

"எனக்கு என்னத்தக் கேக்கப் போகுது," என்று சொல்லிக்கொண்டே மாட்டினாள். கேட்கவில்லை. வெறும் இரைச்சல். "சொன்னேன்ல."

மருந்துக்கடைப் பெண் புருவத்தைச் சுருக்கினாள். அவளுக்கு நன்றாகக் கேட்ட ஒலி அது. ஏதோ தோன்றி, நிலையம் தேடும் குமிழைத் துளித்துளியாகத் திருப்பினாள். அப்படித் திருப்பினால் மோர்ஸ் ஒலியின் சுருதி விசிலிலிருந்து படிப்படியாக இறங்கும். விசில் குழலாயிற்று. குழல் இன்னும் தாழ்ந்து வண்டின் ரீங்காரம் போல ஆனபோது, தறியக்கா சட்டென்று கையை உயர்த்தினாள்.

"இரு. அப்படியே வை."

இரைச்சலுக்குள்ளிருந்து ஒலி எழுந்து வந்தது. நீளம், குறில், குறில். இடைவெளி. குறில், நீளம். மழுங்கல் இல்லை. முனை முனையாக, புதுக்கத்தியில் நறுக்கியது போல. இரண்டு வருடமாக எந்தச் சத்தமும் அவளிடம் அப்படி வந்ததில்லை. யார் முகத்தையும் பார்க்கத் தேவையில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"கேக்குதாக்கா?"

அவள் உதட்டைப் பார்க்காததால் அது கேட்கவில்லை. மருந்துக்கடைப் பெண் தோளைத் தொட்டதும் கண்ணைத் திறந்தாள்.

"உங்க காதுல மேல் சுருதிதான் போயிருக்கு," என்றாள் அந்தப் பெண், அவள் முகத்துக்கு நேராகத் திரும்பி. "கீழ் சுருதி அப்படியே முழுசா இருக்கு. பேச்சுக்கு ரெண்டும் வேணும். இதுக்கு ஒண்ணு போதும்."

"இதை எனக்குச் சொல்லிக் குடு," என்றாள் தறியக்கா. கெஞ்சலே இல்லை. கடையில் சாமான் கேட்கும் தொனி.

"பொறுமை வேணுங்கக்கா. நான் ஒன்பது மாசம் எடுத்தேன்."

"எடுத்துக்கலாம். நான் எங்கயும் போகல."

அன்றிலிருந்து பாடம் ஆரம்பித்தது. எழுத்துகள் அவளுக்குப் புதிதல்ல. நூல்பெட்டிச் சீட்டுகளில் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆங்கில எழுத்துகள்தான். ஒலியும் முழுக்கப் புதிதில்லை என்று மூன்றாவது வாரம் தெரிந்தது. மருந்துக்கடைப் பெண் எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக அட்டையில் எழுதி மனப்பாடம் செய்யச் சொன்னாள். அது ஏறவில்லை. அட்டையைத் தூக்கி வைத்துவிட்டு அவள் தறிகளை நினைத்துப் பார்த்தாள். நூறு தறிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை உண்டு. கூடத்தின் நடுவில் நின்றபடியே எந்தத் தறி நொண்டுகிறது என்று காலடியில் தெரிந்துகொண்டவள் அவள். பல்சக்கரம் தேய்ந்துபோன பதினான்காம் தறி "டக் டக் டாக் டக்" என்று இழுத்து இழுத்து ஓடும். அது எஃப். வார்ப்பட்டை தளர்ந்த இருபதாம் தறி எல். இப்படி இருபத்தாறு எழுத்துக்கும் ஒரு தறியைப் பிடித்தாள். சில எழுத்துக்குத் தறி அகப்படாதபோது தண்ணீர் மோட்டார், கணவரின் குறட்டை என்று கையில் கிடைத்ததை வைத்துச் சமாளித்தாள்.

வீட்டில் கரண்டி, டம்ளர், ஜன்னல் கம்பி எதுவும் தப்பவில்லை. "இது வீடா, தந்தி ஆபீஸா?" என்றார் கணவர். வருடக்கணக்கில் அவர் ஒரே மூச்சில் பேசிய நீளமான வாக்கியம் அது. ஆனால் ஒரு மாலை அவள் சமையலறையில் நின்றபோது, பக்கத்து அறையிலிருந்து சுவரில் தட்டும் சத்தம் வந்தது. ஒரு நீளம். நிறுத்தி, மறுபடியும் ஒரு நீளம். டி. டி. அவ்வளவுதான். எட்டிப் பார்த்தாள்.

"டீக்குத் தட்டினேன்," என்றார் அவர், செய்தித்தாளை இறக்காமல்.

ஆறு மாதத்தில் எல்லா எழுத்தும் எண்ணும் வந்தன. எட்டு மாதத்தில் தேர்வுக்கு வேண்டிய வேகத்தைத் தாண்டிவிட்டாள். எழுத்துத் தேர்வுக்கான மின்னியல் பாடத்தைச் செயலாளரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். படம் போட்டு, அவளைப் பார்த்துப் பேசி, புரிந்ததா என்று கேட்டுத் தாண்டினார். டீ விஷயத்தை இருவருமே பேசவில்லை.

தேர்வு அரசுக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நடந்தது. எழுத்துத் தாளை நன்றாகவே எழுதினாள். மதியம் மோர்ஸ். ஐந்து நிமிடத்தில் நூற்றிருபத்தைந்து எழுத்துகள் வரும். ஐந்துக்கு மேல் தப்பக்கூடாது. கூடத்தின் முன்னால் மேஜை மேல் ஒரு சின்ன ஒலிபெருக்கியை வைத்து, பதிவை ஓடவிட்டார்கள். எல்லோரும் எழுத ஆரம்பித்தார்கள். அவள் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். பக்கத்தில் இருப்பவர் எழுதுவதைப் பார்த்த பிறகுதான் தேர்வு தொடங்கிவிட்டது என்றே அவளுக்குத் தெரிந்தது. பதிவின் சுருதி விசில் போல உச்சியில் இருந்தது. முன்னால் சாய்ந்து, கையைக் காதோடு குவித்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதினேழு எழுத்துப் பிடித்தாள்.

முடிந்ததும் எழுந்து நின்றாள். "சார், சுருதியக் கொஞ்சம் இறக்கி வச்சா என்னால எழுத முடியும்."

கண்காணிக்க வந்திருந்த ஊழியர், "எல்லாருக்கும் ஒரே ஒலிதாம்மா. உங்களுக்குன்னு தனியா வைக்க முடியாது," என்று தாளை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே மகள் கேட்டாள். "என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, விடு."

 மகள் நாற்காலியை இழுத்துத் தாயின் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். "ஒண்ணுமில்லன்னா ஏன் முகம் இப்படி இருக்கு? முதல்ல இருந்து சொல்லு. நான் கேக்குறேன்."

அவள் சொன்னாள். சொல்லி முடித்ததும் மகள் கேட்டது ஒரே கேள்வி: "விதியில சுருதி இவ்வளவு இருக்கணும்னு எழுதியிருக்கா?"

அந்தக் கேள்வியை அவள் சனிக்கிழமை செயலாளரிடம் கொண்டுபோனாள். அவர் அலமாரியிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்து, நிலத்தை அளப்பது போலவே வரி வரியாக அளந்தார். வேகம் இருந்தது. பிழையின் அளவு இருந்தது. நேரம் இருந்தது. சுருதி எங்கேயும் இல்லை.

"எழுதிப் போடுங்கக்கா," என்றார். "நானும் கையெழுத்துப் போடறேன்."

முதல் கடிதத்துக்குப் பதிலே இல்லை. இரண்டாவது கடிதத்துக்கு, தங்கள் கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி வந்தது. மூன்றாவது கடிதத்தை அவள் தபாலில் போடவில்லை. கிடங்கில் ஒரு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, நேரே தேர்வு அதிகாரியின் அறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். பையில் தான் கட்டிய சிறு ஒலிப்பெட்டி; தட்டுவதற்கு ஒரு கீ, சுருதிக்கு ஒரு குமிழ், ஹெட்ஃபோன். பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பெயரைக் கூப்பிட்டால் கேட்காதே என்று, கதவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அதிகாரி தலை நரைத்த மனிதர். நெற்றி வியர்வையை ஒற்றிக்கொண்டே கடிதத்தைப் படித்தார். "நியாயமாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தருக்கு மாத்தினா நாளைக்கு பத்து பேர் வருவாங்க."

"வரட்டுமே சார். வந்தா எழுதத்தானே வருவாங்க?" என்றாள் அவள். பிறகு பெட்டியை மேஜை மேல் வைத்தாள். "உங்களுக்கு மோர்ஸ் தெரியுமா சார்?"

"பதினோரு வருஷம் கப்பல்ல ரேடியோ ஆபீசர்," என்றார் அவர், கொஞ்சம் சூடாக.

"அப்போ நீங்களே தட்டுங்க. நான் எழுதறேன். தப்பிருந்தா இனிமே வர மாட்டேன்."

அவர் அவளை ஒரு தடவை பார்த்தார், பெட்டியை ஒரு தடவை பார்த்தார். கீயை விரலால் அழுத்திப் பார்த்து, திருகை இரண்டு சுற்று இறுக்கினார். அதைப் பார்த்ததுமே இவருக்குக் கை தெரியும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஹெட்ஃபோனை மாட்டி, குமிழை அடிவரை இறக்கினாள்.

முதலில் மெதுவாக அனுப்பினார். பிறகு அவர் கை பழைய வேகத்துக்குப் போய்விட்டது. தேர்வு வேகத்தைப் போல இரண்டு மடங்கு. அவள் முதுகில் வியர்த்தது. ஒரு வார்த்தை முடிவதற்குள் அடுத்தது வந்து விழுந்தது. யோசிக்க நிற்கவில்லை. நின்றால் இழை அறுந்துவிடும் என்று தெரியும். அறுந்ததை விட்டுவிட்டு அடுத்த இழையைப் பிடித்தபடியே போனாள். அவர் கையை எடுத்ததும் தாளைத் திருப்பி அவர் முன் வைத்தாள்.

தாளில் ஆங்கில எழுத்துகளில் இருந்த தமிழ் இதுதான்: இந்த அறையில் மின்விசிறி ஓடி மூன்று மாதம் ஆகிறது. நானும் இரண்டு கடிதம் எழுதிவிட்டேன். ஒருவரும் வரவில்லை.

ஓரிடத்தில் ஓர் எழுத்து மட்டும் விட்டுப்போயிருந்தது. அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டு, "இப்ப பாஸ் போட முடியாது. அது முறையில்ல," என்றார், அவள் பார்க்கும்படி முகத்தை நிமிர்த்தி. "அடுத்த தேர்வு நாலு மாசத்துல. யாருக்கு வேணுமோ அவங்க ஹெட்ஃபோன் கொண்டு வரலாம், சுருதிய மாத்திக்கலாம்னு உத்தரவு போட்டுடறேன். எல்லாருக்கும் பொதுவா."

"நாலு மாசந்தானே சார்," என்றாள் அவள். "வர்றேன்." கிளம்பும் முன் மேலே அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தாள். "கெப்பாசிட்டர் போயிருக்கும். ஸ்க்ரூட்ரைவர் இருந்தா பாத்துடலாம்."

"வேண்டாம்மா. அதுக்கு வேற துறை இருக்கு," என்றார் அவர் அவசரமாக.

நாலு மாதம் கழித்து அவள் போனபோது கூடத்தில் ஒலிபெருக்கியோடு நான்கு ஹெட்ஃபோன்களும் இருந்தன. அவளைத் தவிர இன்னொருவரும் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். தச்சுப்பட்டறையில் மரம் அறுப்பவராம். நூற்றிருபத்தைந்தில் அவளுக்குத் தப்பியது இரண்டு. ஆறாவது வாரம் உரிமம் தபாலில் வந்தது. அழைப்புக் குறியை மகள்தான் முதலில் சத்தமாகப் படித்தாள். அம்மாவைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக.

அடுத்த ஞாயிறு சங்கத்தின் வெளிக்கள நாள். ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் கூடாரம் அடித்து, பேட்டரியை மட்டும் வைத்து, காலை முதல் மாலை வரை எத்தனை நிலையங்களோடு பேச முடியும் என்று பார்ப்பார்கள். ஆன்டெனாக் கம்பியை இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டியது அவள். காற்றில் ஒரு முனை இரண்டு தடவை அவிழ்ந்தது. மூன்றாவது தடவை அவள் போட்ட நெசவாலை முடிச்சு அவிழவில்லை. செயலாளர் பேச்சு ரேடியோவோடு ஒரு மேஜையில் உட்கார்ந்தார். மோர்ஸ் மேஜையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, மருந்துக்கடைப் பெண் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டுக்கொண்டாள்.

முதல் ஒரு மணி நேரம் யாரும் அகப்படவில்லை. கூப்பிட்டாள், காத்திருந்தாள், கூப்பிட்டாள். "கொஞ்சம் எழுந்து நடந்துட்டு வாங்கக்கா," என்று தாளில் எழுதிக் காட்டினாள் மருந்துக்கடைப் பெண். தலையை ஆட்டி மறுத்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டாள்.

பதினொன்றரைக்கு ஒரு பதில் வந்தது. பலவீனமான ஒலி, தட்டுத் தடுமாறும் கை. எதிர்ப்பக்கம் இருந்தவர் அவள் அழைப்புக் குறியைப் பாதி பிடித்து, மீதியைக் கேட்டு ஒரு கேள்விக்குறி அனுப்பினார். அவள் அனுப்பினாள். மறுபடி கேள்விக்குறி. வேகத்தைக் குறைத்து, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு அனுப்பினாள். மூன்றாவது தடவையும் கேள்விக்குறியே வந்தது. அவள் இன்னும் நிதானமாக, முதல் தடவை அனுப்புவது போலவே அனுப்பினாள். இந்தத் தடவை குறி முழுதாகத் திரும்பி வந்தது. தன்னுடையதைச் சொன்னார், இருக்கும் இடத்தைச் சொன்னார். கடலுக்கு அப்பால், இரண்டாயிரம் கிலோமீட்டர். பிறகு, இது எனக்கு முதல் தொடர்பு, மன்னிக்கவும் என்றார்.

எனக்கும் என்று அவள் தட்டினாள்.

மருந்துக்கடைப் பெண் அவள் எழுதியதைத் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு எழுந்து ஓடி, கூடாரத்தில் இருந்த எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். செயலாளர் தன் ஹெட்ஃபோனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்து நின்றார். ஏதோ சொன்னார்கள், கை தட்டினார்கள். தறியக்கா ஒரு கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினாள்.

"அப்புறம் பேசலாம். இன்னும் அவர் முடிக்கல."

நேரத்தையும் அழைப்புக் குறியையும் பதிவேட்டில் எழுதினாள். எதிர்ப்பக்கத்துக் கை விடைபெற்றுக்கொண்டதும், குமிழைத் திருப்பி வேறோர் இடத்துக்குப் போனாள். மாலைக்குள் பதினைந்து என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவைத்திருந்தாள். ஒன்று ஆகியிருந்தது. கீயை நகர்த்தித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, இரண்டாவதைக் கூப்பிட ஆரம்பித்தாள்.